பில் போடாத தொகை எப்படி வருமானமாகும்?

வாடிக்கையாளருக்கு இன்னும் பில்லே அனுப்பாத தொகையை ஒரு நிறுவனம் வருமானமாகக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டலாம். வேலை எந்த அளவுக்கு முடிந்ததோ அந்த அளவுக்கு வருமானத்தைப் பதிவதுதான் கணக்கு விதி. 100 கோடி ஒப்பந்தத்தில் 40 சதவீத வேலை முடிந்து, 25 கோடிக்கு மட்டும் பில் போயிருந்தால், மீதி 15 கோடி பில் போடாத வருமானம். வருமானத்தை எப்படிப் பதிவது என்று சொல்லும் சர்வதேசக் கணக்குத் தரமான, 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 படி, பணம் கிடைக்க இன்னும் வேலை ஏதாவது முடிக்க வேண்டியிருந்தால் அது ‘ஒப்பந்தச் சொத்து’; தவணைத் தேதி மட்டுமே பாக்கி என்றால் வழக்கமான வரவேண்டிய பாக்கி.

சிக்கல் அந்த 40 சதவீதத்தில்தான். அது பெரும்பாலும் நிர்வாகம் போடும் மதிப்பீடு. விற்பனையைவிட பில் போடாத தொகை வேகமாக ஏறிக்கொண்டே போனால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம், லாபத்தோடு தொழிலிலிருந்து வரும் ரொக்கமும் கூடுகிறதா என்று பணப்புழக்க அறிக்கையில் பாருங்கள்.