பிராங்கோவின் கடிகாரம்

கேள்வி: மாட்ரிட்டிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம்? விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: நேர்கோட்டில் சுமார் 500 கி.மீ. தூரத்தை இதோடு விட்டுவிடுவோம். 'எவ்வளவு நேரம்' என்று கேட்டீர்களே, வம்பு அங்கேதான் இருக்கிறது.

காலை 10 மணிக்கு மாட்ரிட்டில் ஏறினால் 10.20-க்கு லிஸ்பனில் இறங்கலாம் என்று டிக்கெட் சொல்லும். திரும்பும்போது 10 மணிக்கு ஏறினால் 12.20. விமானம் என்னவோ இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் பறக்கிறது. ஸ்பெயின் கடிகாரம் போர்ச்சுகலை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் வரும் குளறுபடி இது. சூரியனைக் கேட்டால், இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 22 நிமிடம்தான் என்று சொல்லும்.

அப்புறம் யார் பார்த்த வேலை? ஸ்பெயினின் சர்வாதிகாரி ஜெனரல் பிராங்கோ. 1940 மார்ச் 16, இரவு 11 மணி அடித்ததும் அதை 12 ஆக்கச் சொன்னார். ஸ்பெயின் பெர்லின் நேரத்துக்குப் போனது. போனது போனதுதான். அவருடைய சிலைகளை அகற்றிவிட்டார்கள், தெருப் பெயர்களை மாற்றினார்கள், 2019-ல் உடலையே தோண்டியெடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள். கடிகாரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. நீங்கள் ஏறும் மாட்ரிட் விமான நிலையத்துக்கு, சர்வாதிகாரம் முடிந்தபின் ஜனநாயகத்துக்கு வழிகாட்டிய அடோல்ஃபோ சுவாரஸ் பெயர். இறங்கும் நிலையத்துக்கு, போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசரின் ரகசியப் போலீஸ் 1965-ல் கொன்ற ஜெனரல் டெல்காடோவின் பெயர். நடுவில் ஓடுவது பிராங்கோவின் முள்.

போர்ச்சுகலும் ஒருமுறை ஆசைப்பட்டது. 1992-ல் ஐரோப்பாவின் மத்திய நேரத்துக்கு, அதாவது அதே பெர்லின் நேரத்துக்கு, தாவினார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போனதுதான் மிச்சம். 1996-ல் பழையபடி திரும்பிவிட்டார்கள். அரசாங்கம் தவறைத் திருத்திக்கொண்ட செய்தி என்பதால் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

பஞ்சாங்க விஷயத்தில் என்னோடு ஓயாமல் மல்லுக்கட்டும் நண்பருக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி: வெள்ளிக்கிழமை 10.30-க்கு ராகுகாலம் என்றால், ராகு மாட்ரிட்டில் பிராங்கோ கடிகாரம் பார்த்தா வருவார்? பதில் கார்டு அனுப்பட்டும், போடுகிறேன்.

'ரயிலில் போகலாமே' என்று நான் சொல்லாவிட்டால் வாசகர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சொல்ல முடியவில்லை. 1943 முதல் ஓடிய 'லூசித்தானியா' இரவு ரயில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நின்றது. அதன்பிறகு கிளம்பவே இல்லை. இரு நாட்டுத் தலைநகரங்கள், இரண்டிலும் ஒரே 1,668 மி.மீ. அகலப் பாதை (நம்முடையது 8 மி.மீ. மட்டும் அதிகம்), ஆனால் நேரடி ரயில் கிடையாது. இத்தனைக்கும் ஐரோப்பாவிலேயே நீளமான அதிவேக ரயில் பாதை ஸ்பெயினில்தான் இருக்கிறது. மாறி மாறி ஏறிப் போனால் பகல் முழுக்கப் போய்விடும். அந்தப் பக்கம் பார்த்தால் விமானக் கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம்.

அவசரமாகப் போர்ச்சுகல் போக வேண்டுமா? குவாடியானா ஆற்றங்கரைக்குப் போங்கள். ஸ்பெயினின் சான்லூகரிலிருந்து போர்ச்சுகலின் அல்கூதிம் வரை ஆற்றுக்கு மேலே 720 மீட்டருக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் பட்டை மாட்டித் தள்ளிவிடுவார்கள். சுமார் ஒரு நிமிடம். 11 மணிக்குக் கிளம்பினால் 10.01-க்கு இறங்கலாம். திரும்பி வரப் படகுதான். மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்தை எதிர்க்கரையில் பிடுங்கிக்கொள்வார்கள்.