எந்தச் சுந்தரபாண்டியன்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தான். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தை மாதம் குடமுழுக்கு. திருப்பணிக் குழுவினர் வாசலில் கருங்கல் பலகை ஒன்று வைக்கிறார்கள். 'கி.பி. 1251இல் அரியணை ஏறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் கட்டிய கோயில்' என்று பொறிப்பதாக முடிவு. ஆதாரம், கருவறை அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) உள்ள ஒரு கல்வெட்டு. நானும் ஊர் இளைஞர்கள் இருவரும் செல்பேசியில் படமெடுத்து வாசித்தவரை கிடைத்தது இதுதான்:

'...பன்மரான திரிபுவனச் சக்கரவர்த்திகள் ஸ்ரீசுந்தரபாண்டியதேவற்கு யாண்டு ஏழாவதின் எதிராமாண்டு கன்னி நாயற்று பூர்வபக்ஷத்து பஞ்சமியும் ... பெற்ற அவிட்டத்து நாள்...'

முன்னும் நடுவிலும் கல் சிதைந்துவிட்டது. மதுரைக் கிழக்குக் கோபுரத்தைக் கட்டியவரும் சுந்தரபாண்டியன்தான் என்கிறார்கள். தேடிப் பார்த்தால் அந்தப் பெயரில் வரிசையாக அரசர்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்க் கல்லில் இருப்பவர் யார்? ஏன் எல்லாருக்கும் ஒரே பெயர்? படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், திருமங்கலம் வட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பலகை வெட்டுபவரிடம் சொல்லி வேலையை நிறுத்திவையுங்கள். நீங்கள் அனுப்பிய வாசகத்தில் 1251 என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அது சடையவர்மன் என்ற பட்டத்தைச் சொல்லவும் இல்லை. 1216இலிருந்து, தில்லி சுல்தானின் படைத்தலைவர் மாலிக் காபூர் மதுரைக்கு வந்த 1311 வரையிலான நூறு ஆண்டுக்குள் பாண்டிய நாட்டில் சுந்தரபாண்டியன் என்ற பெயரில் குறைந்தது ஐந்து பேர் ஆண்டிருக்கிறார்கள். 1216இல் பட்டமேறி, தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்து, பிறகு சோழநாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தவர் மாறவர்மன் சுந்தரபாண்டியன். மதுரைக் கிழக்குக் கோபுரத்தை அவர் காலத்தது என்பார்கள். அவருக்குப் பின் 1238ஐ ஒட்டி இன்னொரு மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1251இல் வந்து, திருவரங்கத்துக்குப் பொன்வேய்ந்த பெரும்புகழுடையவர் சடையவர்மன் சுந்தரபாண்டியன். 1270களில் மற்றொரு சடையவர்மன் சுந்தரபாண்டியன். கடைசியாக, தம்பி வீரபாண்டியனோடு சண்டையிட்ட, மாறவர்மன் குலசேகரனின் மகன். கல்லில் 'சுந்தரபாண்டிய' என்று கண்டதுமே இவர்களில் பெயர்பெற்ற ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைப்பது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. எத்தனை கோயில் தலவரலாறுகளில் இந்த 1251 ஆதாரமில்லாமல் குந்தியிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் நோகிறது.

ஏன் ஒரே பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். சுந்தரபாண்டியன் முதலில் சொக்கநாதரின் பெயர். தடாதகையை (மீனாட்சியை) மணந்து மதுரையை ஆண்டபோது இறைவன் தாங்கிய பெயர் அது என்பது திருவிளையாடல். சம்பந்தரால் கூன் நிமிர்ந்த பாண்டியனையும் அந்தக் கதை சுந்தரபாண்டியன் என்றே அழைக்கிறது. மதுரை அரியணையில் அமர்பவனுக்கு அதைவிடச் சிறந்த பெயர் ஏது? பாட்டன் பெயரைச் சுமப்பவன்தான் பேரன், அதாவது பெயரன். நாயக்கர்களிலும் அப்படித்தான்: 1659இல் வந்த சொக்கநாத நாயக்கரின் பேரன், 1706இல் வந்த விஜயரங்க சொக்கநாதர்.

இனி உங்கள் கல்லுக்கு வருவோம்.

'பன்மரான' என்பதற்கு முன்னால் உடைந்துபோன இரண்டு மூன்று எழுத்துகள்தாம் பாதி விடை. 'கோமாறபன்மரான' என்றிருந்தால் மாறவர்மன், 'கோச்சடபன்மரான' என்றிருந்தால் சடையவர்மன். 'பன்மரான' இருவருக்கும் பொது. உடைப்பின் ஓரத்தில் எழுத்தின் அடிப்பகுதி ஏதாவது மிஞ்சியிருக்கும். ட என்றால் கீழே கிடைக்கோடு நேராக முடியும், ற என்றால் வளைவு இருக்கும். பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த உங்கள் படத்தில் அது தெரியவில்லை. இருட்டிய பிறகு கல்லோடு ஒட்டினாற்போல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும்போதுதான் தேய்ந்த எழுத்து எழுந்து வரும். சுண்ணாம்போ சாக்பீஸோ தடவி எழுத்தை 'நிரப்ப' வேண்டாம். நிரப்புகிறவர் தான் நினைத்ததைத்தான் நிரப்புவார்.

அதிட்டானத்தைச் சுற்றி வரி ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். குமுதம் என்ற அடுக்கில் தொடங்கிய வரி மூலை திரும்பி அடுத்த பக்கம் போயிருக்கும். பழைய திருப்பணியில் கல்லைப் பிரித்து அடுக்கியிருந்தால் தொடக்கக் கல் மடைப்பள்ளிப் படியாகக்கூடக் கிடக்கலாம். அப்படி மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசரைப் புகழும் பகுதியின், முதல் துண்டு கிடைத்தால் வேலை எளிது. 1216இல் வந்தவருக்கு 'பூமருவிய திருமடந்தையும் புவிமடந்தையும்' என்று தொடங்கும். அடுத்த மாறவர்மனுக்கு 'பூமலர்த் திருவும் பொருசய மடந்தையும்'. 1251க்காரருக்கு 'பூமலர் வளர்திகழ் திருமகள்'. மூன்றும் 'பூம'வில்தான் தொடங்குகின்றன. 'பூமரு' என்றால் ஒருவர், 'பூமல' என்றால் இன்னும் இருவர் மிச்சம். ஐந்தாம் எழுத்துவரை படிக்காமல் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்ற பட்டத்தையும் தனியாக நம்ப முடியாது. 1251க்காரருக்கும் அது உண்டு, 1268இல் வந்த மாறவர்மன் குலசேகரனுக்கும் உண்டு.

அடுத்தது ஆண்டு. 'ஏழாவதின் எதிராமாண்டு' என்பதை ஏழாம் ஆண்டு என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். பாண்டியர் கல்வெட்டில் எதிராண்டைக் கூட்ட வேண்டும். ஏழாவதின் எதிராமாண்டு என்றால் 7 + 1, எட்டாம் ஆண்டு. 'இரண்டாவதின் எதிர் ஏழாவது' என்று வந்தால் ஒன்பது. எண்ணை எழுத்தால் எழுதாமல் குறியால் வெட்டியிருந்தால் இன்னொரு பள்ளம் உண்டு: ௨௰ என்பது இருபது, ௰௨ என்பது பன்னிரண்டு. குறிகளை இடம் மாற்றி எழுதிக்கொண்டால் எட்டு வருடம் தவறும்.

எட்டாம் ஆண்டுப் புரட்டாசி, 1216க்காரருக்கு 1223இல் வரும். 1251க்காரருக்கு 1258இல். இரண்டாம் மாறவர்மனுக்கு 1245 அல்லது 1246. 1270களில் வந்தவருக்கு 1280களின் முற்பாதி. இவற்றில் எது என்பதை நாள் குறிப்புதான் சொல்ல வேண்டும். உங்கள் வாசிப்பில் தெளிவான பிழை ஒன்று இருப்பதும் அங்கேதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்களே சரிபார்க்கலாம்.

கன்னி நாயறு என்றால் சூரியன் கன்னி ராசியில், அதாவது 150 முதல் 180 பாகைக்குள். ஒரு திதி என்பது சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகும் நேரம். வளர்பிறைப் பஞ்சமியில் சந்திரன் சூரியனுக்கு 48 முதல் 60 பாகை முன்னால் இருக்கும். இரண்டையும் கூட்டுங்கள்: சந்திரன் 198க்கும் 240க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அந்த இடம் சுவாதியின் கடைசிப் பகுதி, விசாகம், அனுஷம், கேட்டை. அவிட்டமோ 293 பாகைக்கு மேல்தான் தொடங்குகிறது. எனவே புரட்டாசி வளர்பிறைப் பஞ்சமியில் அவிட்டம் எந்த ஆண்டும் வராது. கல் வெட்டியவர் பிழைத்திருக்கலாம், ஆனால் வாசித்தவர் பிழைத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எங்கே பிழை? உங்கள் படத்தில் திதியின் 'சமியும்' மட்டுமே தெளிவு. அதற்கு முன்னால் பொரிந்திருக்கிறது. பஞ்சமியும் 'சமி', தசமியும் 'சமி'. தசமி என்று கொண்டால் சந்திரன் 258 முதல் 300 பாகைக்குள் வரும். அப்போது புரட்டாசிக் கடைசியில் அவிட்டம் பொருந்தும். இன்னொரு வழி, திதி பஞ்சமியே, நட்சத்திரம்தான் தவறு. அனுஷத்தைக் கல்வெட்டில் 'அனிழத்து நாள்' என்று எழுதுவதுண்டு. தேய்ந்த கல்லில் 'அனிழத்து' 'அவிட்டத்து' ஆவது பெரிய அதிசயமல்ல. ழ இருக்கிறதா, இரண்டு ட இருக்கிறதா என்று பாருங்கள். ழ-வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். அதைத்தான் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும் இடத்தில் விரல் சொல்லிவிடும்.

'பஞ்சமியும்' என்பதற்கும் 'பெற்ற' என்பதற்கும் நடுவே புள்ளி வைத்து விட்டுவிட்டீர்களே, அங்கே இருப்பது கிழமை. உள்ளதிலேயே விலைமதிப்பானது அதுதான். மாதமும் திதியும் சொல்லிவிட்டால் நட்சத்திரம் மூன்று நான்குக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே நட்சத்திரத்தால் புதிதாகக் கிடைப்பது கொஞ்சமே. கிழமைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அது ஏழில் ஒன்றாக வடிகட்டும். மாதம், திதி, நட்சத்திரம், கிழமை நான்கும் ஒன்றாகப் பொருந்துவது ஏறக்குறைய இருபது ஆண்டுக்கு ஒருமுறை. நூறு ஆண்டில் நாலைந்து தேதி தேறும். அவற்றில் எது மேலே சொன்ன எட்டாம் ஆண்டுகளில் ஒன்றோடு ஒத்துப்போகிறதோ, அவர்தான் உங்கள் அரசர். சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட பஞ்சாங்க அட்டவணைகளில் கி.பி. 700இலிருந்து நாள்வாரியாக இதைப் பார்க்கலாம். கணினியில் பார்ப்பதானால் ஒன்றில் கவனம். 13ஆம் நூற்றாண்டுக்கு அறிஞர்கள் தரும் தேதிகள் ஜூலியன் நாட்காட்டிப்படி. இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டும் செயலிகள் ஏழு நாள் தள்ளிக் காட்டும். இரண்டையும் கலந்தால் திதி பொருந்தவில்லை என்று சரியான தேதியையே தள்ளிவிடுவீர்கள்.

பாண்டியரில் இந்தக் குழப்பம் சுந்தரனோடு நிற்பதில்லை. வீரபாண்டியன் என்ற பெயரில், 'சோழன் தலைகொண்ட' பத்தாம் நூற்றாண்டுக்காரர் ஒருவர், மூன்றாம் குலோத்துங்கனிடம் தோற்றவர் ஒருவர், 1253இல் வந்து 'கொங்கு ஈழம் கொண்டு' என்று பெருமை பேசுபவர் ஒருவர், மாலிக் காபூர் காலத்தவர் ஒருவர். இங்கே எழுத்தே கைகொடுக்கும். வட்டெழுத்தில் இருந்தால் பத்தாம் நூற்றாண்டுக்காரர்தான், ஏனென்றால் சோழர் ஆட்சிக்குப் பிறகு பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழக்கொழிந்தது. முற்காலப் பாண்டியரில் பெயரின் வரிசையைப் பார்க்க வேண்டும். மாறஞ்சடையன் என்றால் மாறன் மகன் சடையன், சடையமாறன் என்றால் சடையன் மகன் மாறன். மாறஞ்சடையர்களே இருவர். ஒருவர் காலத்தை ஆனைமலை நரசிங்கர் குடைவரையின் கலி 3871, அதாவது கி.பி. 770, உறுதி செய்கிறது. மற்றவர் வரகுணன். பழனிப் பக்கம் ஐவர்மலையில் சக ஆண்டு 792ஐ, அதாவது கி.பி. 870ஐ, அவருடைய எட்டாம் ஆண்டு என்று பொறித்திருப்பதால், 862ஐ ஒட்டிப் பட்டமேறினார் என்று கணக்கு நேராகிறது. இப்படி ஒரு சக ஆண்டு உங்கள் கல்லில் இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இன்னும் ஒரு எச்சரிக்கை. கல்லின் நடுவில் வரும் 'சுந்தரபாண்டியன்' எல்லாம் ஆளும் அரசரல்ல. சுந்தரபாண்டியன் கோல் என்பது நிலம் அளக்கும் கோல். சுந்தரபாண்டியன் சந்தி என்பது அவர் பெயரில் ஏற்பட்ட பூசை. அரசர் மறைந்து பல காலம் ஆன பிறகும் கோலும் சந்தியும் இருக்கும். 'மாடக்குளக்கீழ் மதுரை' அரண்மனையில் 'பள்ளிப்பீடம் மழவராயனில்' எழுந்தருளியிருந்து அரசர் ஆணையிட்டதாக வரும் இடத்தில், மழவராயன் என்பது ஆசனத்தின் பெயர். அதே கல்லின் கடைசியில் கையெழுத்திடும் மழவராயன் மனிதர். 'யாண்டு' என்ற சொல்லுக்கு நேர்முன்னால் 'தேவற்கு' என்று நிற்கும் பெயரை மட்டும் அரசராகக் கொள்ளுங்கள்.

அந்தக் கையெழுத்துகளை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அரசர் பெயர் திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஓலை எழுதியவர், நிலம் விற்றவர், நாட்டவர் பெயர்கள் அப்படி வருவதில்லை. பக்கத்து ஊர்க் கோயிலில் அதே ஆள் முழு மெய்க்கீர்த்தியோடு கூடிய கல்வெட்டில் கையெழுத்திட்டிருந்தால், கிழமை போனாலும் காலம் கிடைத்துவிடும்.

இவ்வளவும் செய்து அரசர் யாரென்று தெரிந்த பிறகும், 'கட்டிய கோயில்' என்று பலகையில் எழுத முடியாது. உங்கள் வாசகம் அவருடைய எட்டாம் ஆண்டில் ஏதோ ஒரு கொடை நடந்ததைத்தான் சொல்கிறது. கட்டியவர் வேறொருவராக, ஊராராகவேகூட இருக்கலாம். 'சுந்தரபாண்டியதேவரின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இக்கோயிலில் உள்ளது' என்று இப்போதைக்குப் பொறிக்கலாம். அது முழு உண்மை. ஆண்டு எண்ணுக்கு ஒரு வரி இடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

குடமுழுக்கு என்று எழுதியிருப்பதால் இதையும் கெஞ்சிக் கேட்கிறேன். அதிட்டானத்தை மணல்வீச்சு எந்திரத்தால் சுத்தம் செய்ய யாரையும் விடாதீர்கள். கல் பளிச்சென்று ஆகும், ஆனால் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் மிஞ்சியிருக்கும் எழுத்து ஒரே நாளில் போய்விடும். தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் போதும். வேலை தொடங்கும் முன் தொல்லியல் துறைக்கு எழுதி மைப்படி (எழுத்தின் மேல் ஈரத்தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் படி) எடுக்கக் கேளுங்கள். அதற்குள் இருட்டில் டார்ச் பிடித்து மூன்று இடங்களில் எடுத்த படங்களை அனுப்புங்கள்: 'பன்மரான'வுக்கு முந்தைய உடைப்பு, 'சமியும்' முதல் 'பெற்ற' வரை, நட்சத்திரப் பெயர். கிழமையில் ஒரே ஒரு எழுத்து தெரிந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்.