தனியார் மருத்துவர் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயமா?

ஆமாம், கட்டாயம்தான். இந்தியாவில் 2012 மே மாதத்திலிருந்தே இந்த விதி இருக்கிறது. 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிப்பு அதை இன்னும் இறுக்கியது. மருத்துவர் மட்டுமல்ல, பரிசோதனைக்கூடமும் மருந்துக்கடையும்கூடத் தெரிவிக்க வேண்டும். தவறினால் சிறைத்தண்டனை வரை போகலாம்.

மருந்துக்கடையில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை வாங்கும்போது கவனியுங்கள்: சீட்டு எழுதிய மருத்துவர் பெயர், உங்கள் பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சரி, பெயர் அரசுக்குப் போனால் நமக்கென்ன ஆகும் என்ற பயம் புரிகிறது. தண்டனை நோயாளிக்கு இல்லை. காசநோயாளிகளைப் பதிவுசெய்யும் அரசின் 'நிக்ஷய்' இணையதளத்தில் பதிவானால்தான் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கான பணம் வங்கிக்கணக்கில் வரும். அப்புறம், வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் பரிசோதிப்பார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.