லிமிட் போட்டால் மட்டும் ஏன் பிழை?

கேள்வி: பிஎச்பியில் பிடிஓ (டேட்டாபேஸோடு பேச உதவும் பிஎச்பி வசதி) வழியாக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து பொருள் பட்டியல் எடுக்கிறேன். க்வெரியில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்டு, எக்ஸிகியூட்டுக்குள் மதிப்புகளை அரேயாகக் கொடுக்கிறேன். விலையை வைத்து வடிகட்டினால் சரியாக வருகிறது, எத்தனை வரிகள் வேண்டும் என்று சொல்லும் ‘லிமிட் ?’ சேர்த்து 10 அனுப்பினால் மைஎஸ்க்யூஎல் சின்டாக்ஸ் பிழை காட்டுகிறது. ஏன்?
- வாசகி, திருச்சி

பதில்: எக்ஸிகியூட்டுக்குக் கொடுக்கும் அரேயில் உள்ள எல்லாவற்றையும் பிடிஓ ஸ்ட்ரிங்காகவே எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் டிரைவரில் ‘எமுலேட் பிரிப்பேர்ஸ்’ வசதி தானாகவே ஆனில் இருக்கும். அதனால் க்வெரியும் மதிப்பும் தனித்தனியே சர்வருக்குப் போவதில்லை. பிடிஓவே மேற்கோள்குறி போட்டு ஒட்டி, லிமிட் '10' என்று அனுப்பிவிடுகிறது. விலையை ஒப்பிடும்போது '10' என்பதை மைஎஸ்க்யூஎல் எண்ணாக மாற்றிக்கொள்ளும். லிமிட்டில் அந்தச் சலுகை கிடையாது.

மதிப்புகளை ஒவ்வொன்றாக இணைக்கும் பைண்ட்வேல்யூவில் மூன்றாவதாக, ‘இது முழு எண்’ என்று சொல்லும் பாரம்_இன்ட் கொடுங்கள். முகவரிப் பட்டையிலிருந்து வரும் எண்ணும் ஸ்ட்ரிங்தான், அதையும் இன்ட் ஆக மாற்றிவிடுங்கள். ஒன்று கவனம்: பைண்ட் செய்த பிறகு எக்ஸிகியூட்டுக்கு அரேயும் கொடுத்தால், முன்பு பைண்ட் செய்தவை போய்விடும். எல்லாவற்றையும் பைண்ட்வேல்யூவிலேயே கொடுத்து, எக்ஸிகியூட்டைக் காலியாக விடுங்கள்.

புதிதாக எழுதும் ப்ராஜெக்ட் என்றால் கனெக்‌ஷனிலேயே எமுலேஷனை அணைத்துவிடுவதையே நான் சொல்வேன். அதன்பின், கேள்விக்குறிக்குப் பதில் பெயர் வைத்து எழுதும்போது, ஒரே பெயருள்ள பாராமீட்டரை (மதிப்பு வரும் இடத்தை) ஒரு க்வெரியில் இருமுறை எழுத முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டும்.

கேள்வி: தேடலில் லைக் '%?%' என்று எழுதினால் பாராமீட்டர் எண்ணிக்கை தவறு என்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: மேற்கோளுக்குள் இருக்கும் கேள்விக்குறி வெறும் எழுத்துதான். ‘லைக் ?’ என்று மட்டும் எழுதி, % குறிகளை மதிப்பின் இருபுறமும் சேர்த்து அனுப்புங்கள். பயனர் தட்டும் %, _ இரண்டுக்கும் லைக்கில் தனிப்பொருள் உண்டு. முன்னால் பின்சாய்வுக்கோடு போட்டுவிடுங்கள்.

கேள்வி: வரிசைப்படுத்த ‘ஆர்டர் பை ?’ என்று எழுதி, ‘விலை’ என்ற காலம் (நெடுவரிசை) பெயரை அனுப்பினேன். பிழை வரவில்லை, வரிசையும் மாறவில்லை.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பாராமீட்டர் மதிப்புக்கு மட்டுமே, டேபிள், காலம் பெயர்களுக்கு அல்ல. 'விலை' என்ற மாறாத ஸ்ட்ரிங்கை வைத்து வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறீர்கள், எல்லா வரிக்கும் அது ஒன்றே. அனுமதிக்கும் காலம் பெயர்களை ஒரு அரேயில் வைத்து, வந்த பெயர் அதில் இருந்தால் மட்டும் க்வெரியில் சேருங்கள். சரிபார்க்காமல் நேரடியாக ஒட்டினால் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு (வெளியாள் தன் கட்டளையை க்வெரிக்குள் நுழைப்பதற்கு) வழி திறந்துவிடும்.