தாய்மொழி வாசிப்பும் இரண்டாம் மொழி வாசிப்பும்: ஆண், பெண் வேறுபாடு உண்டா?

கேள்வி: தாய்மொழியில் நன்றாக வாசிக்கும் பிள்ளை இரண்டாம் மொழியிலும் நன்றாக வாசிக்கும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: பெருமளவு உண்மை. ஊகித்தறிதல், மையக்கருத்தைக் கண்டுகொள்ளுதல் போன்ற திறன்கள் ஒரு மொழியில் கைவந்தால் மற்ற மொழிக்கும் உதவும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எழுதினார். ஆனால், புதிய மொழியில் ஓரளவு சொல்வளம் சேரும்வரை அத்திறன் வெளிப்படாது. இரண்டாம் மொழி வாசிப்பு ஆய்வாளர் எலிசபெத் பெர்ன்ஹார்ட் பின்னர் வகுத்த மாதிரியில், இரண்டாம் மொழி வாசிப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 20 சதவீதம் தாய்மொழி எழுத்தறிவாலும், 30 சதவீதம் இரண்டாம் மொழியறிவாலும் விளக்கப்படுகிறது. எஞ்சிய பாதியில் ஆர்வமும் பின்னணி அறிவும் அடங்கும்.

கேள்வி: அப்படியானால் அந்தப் பலன் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரிக்காமல் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். வாசிப்புத் திறனின் கையிருப்பு யாரிடம் அதிகம் என்பது ஒன்று. 15 வயதினருக்கான பிசா (PISA) என்னும் பன்னாட்டுத் தேர்வில், ஓஇசிடி (OECD) என்னும் பொருளாதாரக் கூட்டமைப்பு நாடுகளின் சராசரியில், பெண்கள் வாசிப்பில் 2018-இல் 30 புள்ளிகளும் 2022-இல் 24 புள்ளிகளும் முன்னே இருந்தனர். அந்தக் கையிருப்பு மற்ற மொழிக்குச் செல்லும் விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறுபடுகிறதா என்பது மற்றொன்று. முதலாவதை வைத்து இரண்டாவதற்கு விடை சொல்லிவிட முடியாது. மேலும், அத்தேர்வில் மாணவருக்கு மாணவர் உள்ள வேறுபாட்டைக் காட்டும் திட்டவிலக்கமே 100 புள்ளிகளை ஒட்டியது என்பதால், பெண்களின் சராசரியை மிஞ்சி வாசிக்கும் ஆண்பிள்ளைகள் ஏராளமாக இருப்பார்கள். ஆகவே, "பையன்தானே, வாசிப்பு அவ்வளவுதான்" என்று எந்தப் பிள்ளையையும் ஒதுக்கிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பாடப்பகுதியின் பொருள் இதில் பங்கு வகிக்குமா?

பதில்: நிச்சயமாக. ஸ்பானிய மொழியை இடைநிலையில் கற்றவர்களிடம் ஆய்வாளர் சிண்டி பிராண்ட்மையர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், குத்துச்சண்டை பற்றிய பகுதியை ஆண்களும், மனம் சலித்த இல்லத்தரசி பற்றிய பகுதியை பெண்களும் கூடுதலாகப் புரிந்துகொண்டனர். ஒரே ஒரு பகுதியைக் கொடுத்துத் தேர்வு நடத்தினால், நாம் அளப்பது திறனையா, பழக்கத்தையா என்று தெரியாமல் போகும்.

கேள்வி: நான் ஆசிரியர். தடுமாறும் மாணவருக்குக் குறை எங்கே என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: ஏறத்தாழ ஒரே கடினமுள்ள பகுதிகளை இரு மொழிகளிலும் வாசிக்கச் செய்து, தாய்மொழியிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தாய்மொழிப் பகுதியை "அதனால்", "ஆனாலும்" என்று காரணத்தோடு கோத்துச் சொல்லிவிட்டு, மற்ற மொழியில் மட்டும் சொல்லுக்குச் சொல் நின்றால், சொல்வளத்தைக் கவனியுங்கள். இரண்டிலும் "பிறகு, பிறகு" என்று நிகழ்ச்சிகளை அடுக்குவதோடு நின்றால், தாய்மொழி வாசிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். அது மாணவனானாலும் மாணவியானாலும் அப்படித்தான்.