ஏர் ரைஃபிள் ட்ரிகர் பிடிக்கவில்லையா? அரத்தை எடுக்கும் முன் பழைய கிரீஸைப் பாருங்கள்

கேள்வி: தாத்தா வைத்திருந்த டயானா 27 ஏர் ரைஃபிள் இருபது வருடமாக அலமாரியில் கிடந்தது. ஜெர்மனியில் செய்தது, 4.5 மில்லிமீட்டர். குழலை மடக்கி இழுத்தால் சில நேரம் ‘டக்’கென்று பிடிக்கிறது, சில நேரம் பிடிக்காமல் திரும்பி வந்துவிடுகிறது. காலை நேரத்தில் பெரும்பாலும் பிடிப்பதே இல்லை. இங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். ட்ரிகர் தேய்ந்துவிட்டது, லேத்தில் புதிதாகச் செய்ய வேண்டும், 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: பிடிக்கிறதா என்று மடக்கி மடக்கிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பாதியில் கை நழுவினால் குழல் முழு ஸ்ப்ரிங் வேகத்தோடு மேலே வந்து அறையும். குழல் மூடும் இடத்தில் விரல் இருந்தால் விரலே போய்விடும். இந்த மாடலில் சேஃப்டி பொத்தானும் கிடையாது, குழல் திறந்திருக்கும்போது ட்ரிகரைப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் கிடையாது.

இனி பழுது. விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தேய்ந்துபோன பாகம் காலை, மாலை பார்த்துப் பழுதாகாது. கோத்தகிரிக் குளிரில் மோசமாகி, வெயில் ஏறியதும் கொஞ்சம் தேறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய கிரீஸைத்தான். இருபது வருடத்தில் அது காய்ந்து மெழுகு மாதிரி ஆகியிருக்கும். குளிரில் இன்னும் இறுகும்.

உள்ளே நடப்பது இதுதான். பிஸ்டனின் பின்பக்கம் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியை ஒட்டிக் கழுத்து மாதிரி ஒரு பள்ளம். குழலை மடக்கும்போது பிஸ்டன் ஸ்ப்ரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் போக, அந்தத் தண்டு ஒரு சிறிய உருளைக்குள் நுழையும். உருளையில் மூன்று துளைகள், துளைக்கு ஒன்றாக மூன்று எஃகுக் குண்டுகள். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்போமே, அதே சாமான். இந்த உருளையின் மேல் இன்னொரு உருளை போர்த்தியிருக்கும். ஒரு சின்ன ஸ்ப்ரிங் அதைத் தள்ள, அது நகர்ந்து மூன்று குண்டுகளையும் உள்ளே நெருக்கும். குண்டுகள் தண்டின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் கேட்கும் ‘டக்’ சத்தம் அதுதான். ட்ரிகரை இழுத்தால் மேல் உருளை விலகி, குண்டுகள் வெளியே ஒதுங்க இடம் கிடைக்கும். தண்டு விடுபட்டு பிஸ்டன் பாயும். ஸ்ப்ரிங்கின் முழு பலத்தையும் மூன்று குண்டுகள் பங்கிட்டுத் தாங்குவதால் இந்த ட்ரிகர் விரலுக்கு அவ்வளவு மென்மையாக இருக்கிறது, சீக்கிரம் தேய்வதும் இல்லை. இத்தனை எளிய வேலைப்பாட்டில் இவ்வளவு நல்ல ட்ரிகர் அபூர்வம். அதனால்தான் லேத் என்றதும் எனக்குப் பதறுகிறது.

மேல் உருளை தாராளமாக நகர வேண்டும். காய்ந்த கிரீஸ் அதைப் பிடித்துவைத்தால் குண்டுகள் சரியாக உள்ளே போகாது, தண்டு நழுவிவிடும். பழுது இவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

வேறு இரண்டு காரணங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரிகரை இன்னும் லேசாக்குகிறேன் என்று யாராவது சரிசெய்யும் ஸ்க்ரூவை அளவுக்கு மீறித் திருகியிருக்கலாம். அப்படியானால் பிடிப்பு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது இடையில் யாராவது பெரிய ஸ்ப்ரிங்கை வேறு அளவில் மாற்றியிருக்கலாம். நீளமான ஸ்ப்ரிங் போட்டால், தண்டு உருளைக்குள் போய்ச் சேரும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். ஆனால் அப்போது ஒரு தடவைகூடப் பிடிக்காது. உங்களுக்குச் சில நேரம் பிடிக்கிறது என்பதால் இதைக் கடைசியில் வைக்கலாம்.

வீட்டில் திறக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்ப்ரிங் அமுக்கி இல்லாமல் கூடாது. பின்பக்கக் கட்டையைப் பிடித்திருக்கும் குறுக்குப் பின்களைத் தட்டி எடுத்த நொடியில், ரைஃபிள் மடக்காமல் இருந்தால்கூட ஸ்ப்ரிங் கட்டையைத் தூக்கி எறியும். திருகுக் கிளாம்ப் வைத்த மரச் சட்டம் ஒன்று இருந்தால் போதும். அது உள்ள, இந்த வேலை தெரிந்த ஆளிடம் கொடுங்கள். திறக்காமலே எண்ணெய் அடித்துப் பார்க்கும் குறுக்கு வழியும் வேண்டாம். எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால் இறங்கினால், காற்று அழுந்தும் சூட்டில் தீப்பிடித்து வெடித்து, ஸ்ப்ரிங்கையும் வாஷரையும் கெடுக்கும்.

பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது: முதலில் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, எனக்குக் காட்டுங்கள், அதற்கு மட்டும் எவ்வளவு கூலி? மற்றதை அப்புறம் பேசலாம். கழுவிய பிறகு தண்டின் கழுத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு உட்காரும் இடத்தில் ஆழமான தழும்பு, உடைந்த விளிம்பு இருந்தால் தேய்மானம் உண்மை. பளபளப்பு மட்டும் என்றால் அது வேலை செய்த அடையாளம், விட்டுவிடுங்கள். குண்டுகளில் சொட்டை விழுந்திருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதை மைக்ரோமீட்டரில் அளந்து, பேரிங் கடையில் அதே அளவு கேட்டால் சில்லறைக் காசுதான். திரும்பப் பூட்டும்போது குண்டுகளைக் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்ட வைத்தால்தான் துளையிலேயே நிற்கும். மாலிப்டினம் கலந்த கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால் போதும்.

அரம் மட்டும் படக் கூடாது. என்னிடம் கொக்கி வகை ட்ரிகர் உள்ள வேறொரு பழைய ரைஃபிள் இருந்தது. அதன் கொக்கியை ஒரு பட்டறையில் ‘நைஸ்’ ஆக்கித் தருவதாகச் சொல்லித் தேய்த்தார்கள். இரண்டு மாதம் அருமையாக இருந்தது. அப்புறம் தரையில் ஊன்றினாலே வெடிக்க ஆரம்பித்தது. மேல்தோலுக்கு மட்டும் டெம்பர் ஏற்றிய பாகம் அது. தோலை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. அதைக் கடைசி வரை சரி செய்ய முடியவில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

பாகம் மாற்றியே தீர வேண்டும் என்றால், வாங்கும் முன் பெயர் விஷயத்தில் கவனம். ராஷ்டாட் நகரத்து ஜெர்மன் டயானா 27 அமெரிக்காவில் வின்செஸ்டர் 427, ஹை-ஸ்கோர் 807 என்றும், பிரிட்டனில் ஒரிஜினல் 27 என்றும் விற்பனையானது. அந்தப் பெயர்களில் தேடினாலும் உங்களுக்கான பாகம் கிடைக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டயானாவின் இயந்திரங்களும் பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போயின. அவர்களும் டயானா என்ற பெயரிலேயே ரைஃபிள் செய்தார்கள். பிரிட்டனில் செய்த டயானாவின் பாகம் உங்களுடையதில் சேரும் என்று நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பழைய டயானா 27 ஒன்று விலைக்கு வருகிறது. ‘பாயின்ட் 22, பவர் அதிகம்’ என்கிறார் விற்பவர். ட்ரிகர் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறதாம். வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ட்ரிகர் பிறகு. பாயின்ட் 22 என்றால் 5.5 மில்லிமீட்டர். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துளை உள்ள ஏர் ரைஃபிளுக்கும், 20 ஜூலுக்கு மேல் சக்தி தருவதற்கும் உரிமம் வேண்டும். ‘ஏர் கன்தானே’ என்று கைமாற்றிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்பவர் வாங்கியவர்தான். உரிமம் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.

விற்பவர் சொல்வதையே நம்ப வேண்டியதில்லை. ஜெர்மன் குழலில் 4,5 அல்லது 5,5 என்று, புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு எழுதியிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் ஒரு 4.5 பெல்லட்டைக் கையோடு கொண்டுபோங்கள். குழலின் வாயில் வைத்ததும் தொளதொளவென்று உள்ளே நழுவினால் அது 5.5.

4.5 ஆகவே இருந்தால், ‘கொஞ்சம் வேலை’ என்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவரையே மடக்கச் சொல்லுங்கள். பிடித்ததும் பெல்லட் போட்டு மூடி, குழலைப் பாதுகாப்பான மண் மேட்டை நோக்கி வைத்து, தோளில் வைக்கும் மரக் கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டச் சொல்லுங்கள். வெடித்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பெல்லட் இல்லாமல் சுட்டுக் காட்டுகிறேன் என்றால் தடுங்கள், பிஸ்டன் நேராகப் போய் உள்ளே முன்சுவரில் மோதும்.

கேள்வி: ட்ரிகர் பழுதுக்குக் கொடுத்த ரைஃபிள் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. பழைய பாகங்களைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிறார். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: காசு வாங்கிச் செய்த வேலை, எனவே இது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. கொடுத்த தேதி, தொகை, இப்போதுள்ள கோளாறு மூன்றையும் வாட்ஸப்பில் அவருக்கு எழுதி அனுப்புங்கள், அவர் பதிலே சாட்சியாகும். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் எடுத்து வையுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். கோளாறு நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை அந்த ரைஃபிளை வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். அவர் விட்ட நிலையிலேயே இருக்கட்டும், பெல்லட் போடாமல், மடக்காமல்.