அடித்தளக் குளியலறையில் துருப்பிடித்த டாய்லெட் ஃபிளாஞ்சை மாற்றத்தான் வேண்டுமா?

கனடாவில் உள்ள உங்கள் வீட்டின் அடித்தளக் குளியலறையில் புதிய டைல் பதிக்கும்போது, இரும்பு வளையம் துருப்பிடித்த பழைய ஃபிளாஞ்சை (டாய்லெட்டைத் தரையோடும் கழிவுக் குழாயோடும் இணைக்கும் வளையத் தட்டு) அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் டாய்லெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் மெழுகு வளையத்தை மட்டும் இரட்டிப்பாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபிளாஞ்ச் பதித்து முடித்த டைலின் மேல் உட்கார வேண்டும் என்பதால், டைல் வேலை முடிந்த பிறகே அதைப் பொருத்துங்கள். பழையதை எடுத்ததும் குழாய்க்குள் துணியை அடைத்துவையுங்கள். இல்லையெனில் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறும். உங்களுடையது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கறுப்புக் குழாயானால் ஏபிஎஸ் ஃபிளாஞ்சும் அதற்குரிய பசையுமே தேவை. அந்தப் பசை மிக விரைவில் இறுகிவிடும். ஆகவே போல்ட்டுக்கான துளைகள் இரண்டும் பின்சுவரிலிருந்து சம தூரத்தில் நிற்கும்படி முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்த்து, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பசையை மட்டும் நம்பினால் டாய்லெட் ஆடி, நாளடைவில் மெழுகு வளையம் கசியும். கான்கிரீட் திருகுகளால் தரையோடு இறுக்குங்கள். டைலைத் துளைக்கும்போது மட்டும் டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவையுங்கள், டைல் விரிசல் விடாது.